பதினான்காம் எண் கார்

நொரீனா புல்கரெல்லி யாரையும் எளிதில் நம்பமாட்டாள். இத்தாலியின் மோதெனாவில் அவளோடு ஒரே அலுவலக அறையில் பதினோரு வருடம் வேலை பார்த்த நான் அதைக் குணம் என்று சொல்வதா, வேலை என்று சொல்வதா? எங்கள் வெர்தினி தொழிற்சாலை ஐம்பதுகளில் செய்த ‘சிவெத்தா’ வரிசைக் கார்கள் முப்பத்தொன்றுதான். தொண்ணூறுகளில் அவற்றின் விலை ஏறியதும், இல்லாத கார்களும் வரத் தொடங்கின. எது அசல் என்று சான்று எழுதுவது அவள் பொறுப்பு.

கார்ப்பி ஊரிலிருந்து லூல்யி என்ற மெக்கானிக் ஒரு சிவெத்தாவோடு வந்தான். காரின் இரும்புச் சட்டத்தில் எண் 14. அந்தப் பதினான்குதான் 1957 மலைப் பந்தயத்தில் வென்றது. ஆனால் வேறொருவரிடம் இருந்த ஒரு காருக்கு, அதுதான் பதினான்கு என்று நொரீனா பல வருடங்களுக்கு முன்பே சான்று கொடுத்திருந்தாள்.

“எங்கப்பா இதை உங்க கிட்டயே வாங்கினாரு, சிஞ்ஞோரா. அவரு செத்தும் ஊருல ‘கள்ள நம்பர் லூல்யி’ன்னுதான் பேரு. ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்க.”

“எல்லாருக்கும் ஒரு அப்பா இருக்காரு,” என்றாள்.

எண்ணின் மேல் அமிலம் தடவிப் பார்த்தாள். அராவி அழித்த பழைய எண் மெல்லத் தெரிந்தது: 17. பதிவேட்டில் பதினேழு ‘உடைத்துப் போடப்பட்டது’. மோசடி என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. மறுப்புக் கடிதம் எழுதும் முன் அந்த எண்ணைப் படமெடுத்து, பழைய தொழிலாளி சனாசியிடம் காட்டினாள். அந்நாளில் எங்கள் கார்களில் எண் அடித்தவர் அவர். மதுக்கடையில் சீட்டாடிக்கொண்டிருந்தார்.

“அட, இது என் கைதான்!”

“லூல்யி எவ்வளவு குடுத்தான்?”

“ஒரு கிளாஸ் லம்ப்ரூஸ்கோ ஒயின் கூட வாங்கித் தரலம்மா. நீ மட்டும் வாங்கித் தந்துட்டியா?”

“அப்புறம் ஏன் அழிச்சீங்க?”

“அது பதினாலு மலைப் பந்தயத்துல ஜெயிச்சதுக்கு அடுத்த வருஷம். விடிஞ்சா சுவிஸ்ல வேற பந்தயம். எல்லைச் சுங்கக் காகிதத்துல பதினாலுன்னு இருக்கு. பதினாலோ ஓட்டிப் பாக்கறப்போ முட்டிக்கிச்சு. புதுக் காகிதத்துக்கு மூணு வாரம் ஆகும். பதினேழைப் பதினாலாக்கி அனுப்பிட்டோம். முட்டின பதினாலை அப்புறம் சரிபண்ணிட்டு, பதிவேட்டுல பதினேழை உடைச்சுப் போட்டதா எழுதிட்டோம். எல்லாக் கம்பெனியும் அப்படித்தான்னு முதலாளி சொன்னாரு.”

அதையும் அவள் நம்பவில்லை. பட்டறைக்கு அழைத்துப்போய், இரும்புத் தகட்டில் அடிக்கச் சொன்னாள். இடதுகைக்காரர் அடித்த நான்கு, படத்தில் இருந்ததைப் போலவே வலப்பக்கம் சரிந்து இறங்கியது. நொரீனா தகட்டையும் படத்தையும் வெகுநேரம் மாறி மாறிப் பார்த்தாள். மனிதர்களைச் சந்தேகிக்கத் தெரிந்தவளுக்குப் பதிவேட்டைச் சந்தேகிக்கத் தோன்றியதே இல்லை. எனக்கும் அப்படியே.

மேலாளர் குறுக்கே வந்தார். “போலின்னு எழுது நொரீனா. சுங்கத்தை ஏமாத்தினோம்னு நம்மளே எழுதணுமா?”

“போலி இல்லையே.”

“யாருக்குத் தெரியும்?”

“எனக்கு.”

அவர் முத்திரையைப் பூட்டி வைத்துக்கொண்டார். அவள் வெறும் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்தாள்: ‘இது பதினேழு. பதினான்கு என்ற எண் எங்கள் பட்டறையிலேயே அடிக்கப்பட்டது.’

லூல்யி இரண்டு முறை படித்தான். “அப்போ ஜெயிச்ச கார் இல்ல?”

“இல்ல.”

“முத்திரையும் இல்ல. விலை போகாது.”

“போகாது.”

“எங்கப்பா பொய் சொல்லலன்னு மட்டும் இருக்கு.”

“அவர் சொல்லல. நாங்கதான் சொன்னோம்.”

அவன் காகிதத்தை மடிக்காமல், காற்றில் பறக்காதபடி இரு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே போனான்.