சோப்பு மாடம்

எங்கள் வீட்டுக்குக் குளியலறை வேண்டும் என்று தீர்மானித்தது நானும் இல்லை, என் மனைவியும் இல்லை; பக்கத்து வீட்டு விசைத்தறிக்காரர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தறி நன்றாக ஓடியதில் அவர் மாடி கட்டினார். கட்டியதோடு விட்டாரா, எங்கள் கொல்லையைப் பார்த்து வரிசையாக ஜன்னலும் வைத்தார். கொல்லையில்தான், கூரையில்லாத ஓலைத்தட்டி மறைப்புக்குள் என் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். மாடி எழும்பிய பிறகு அவள் விடியுமுன் இருட்டோடு குளிக்க வேண்டியதாயிற்று. மார்கழியிலும் அப்படித்தான்.

"எனக்கு வெளிச்சத்துல குளிக்கணும். தலையில சீயக்கா போச்சா இல்லையான்னு கண்ணால பாத்துக் குளிக்கணும். அம்புட்டுத்தான் கேக்குறேன்" என்றாள்.

நியாயமான ஆசை. நாலு சுவர், ஒரு கூரை, ஒரு கதவு போதும். ஆனால் நான் வாத்தியார். படித்தவன் கையில் சின்ன வேலையைக் கொடுத்தால் அதைப் பெரிய வேலையாக்கித்தான் திருப்பித் தருவான். பழைய ரோமாபுரிக் குளியல்கூடங்களைப் பற்றி அப்போது ஏதோ படித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கும் தரைக்கும் டைல்ஸ் பதிப்பதென்று முடிவு செய்தேன்.

கொத்தனார் பாளையம்பட்டிக்காரர். எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பீடத்தைச் சுற்றி டைல்ஸ் பதித்து அருப்புக்கோட்டை முழுக்கப் பேர் வாங்கியவர்.

"கோயில்ல பாத்தீகள்ல சார், எங்கிட்டாவது நூல் பிசகியிருக்கா? அதே கைதான் சார் இதுவும்."

டைல்ஸை ஊறப்போட நல்ல தண்ணீர் கேட்டார். போர் தண்ணீரில் போட்டால் உப்புப் பூக்குமாம். குழாயில் நல்ல தண்ணீர் வருவதே எப்போதாவதுதான். வந்ததை டைல்ஸ் குடித்தது. நாங்கள் உப்புத் தண்ணீரில் காப்பி குடித்துக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தோம்.

தரைக்குச் சொரசொரப்பானது, சுவருக்கு வெள்ளை. "வெறும் வெள்ளையா விட்டா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் சார். நடுவுல ஒரு பார்டர் ஓட்டிருவோம்" என்றார். மாதிரிக்கு ஒன்றைக் காட்டினார். திராட்சைக் குலை. எனக்கு ரோமாபுரி ஞாபகம் வந்தது.

"ஓட்டுங்க. ரசனையா இருக்கணும்" என்றேன். அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"சோப்பு வைக்கச் சுவத்துல ஒரு மாடம் விட்டுரவா?"

"விடுங்க."

வேலை முடியும்வரை மனைவி உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது என்று வேறு உத்தரவு போட்டிருந்தேன். திறப்பு விழா நடத்தும் உத்தேசம். நானும் பள்ளிக்கூடம் விட்டு இருட்டிய பிறகு வருகிறவன். ஈரச் சாக்குத் தொங்கும் சுவரைத்தான் பார்த்தேன். எல்லாம் காய்ந்த பிறகு வந்த சனிக்கிழமை, நல்ல வெயில் நேரத்தில், அவள் வாளி, துண்டு, சீயக்காய்க் கிண்ணம், புதுச் சோப்பு சகிதமாக உள்ளே போனாள். நான் வாசலில் நின்றேன். தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. கதவு திறந்தது.

"முழங்கால் மடங்கிருச்சு" என்றாள்.

"வழுக்கிருச்சா?"

"வழுக்கல. தானா மடங்கிருச்சு. நீங்களே போய்ப் பாருங்க."

பார்த்தேன். வெள்ளைச் சுவரில் நெஞ்சுயரத்துக்குத் திராட்சைக் குலை, கோதுமைக் கதிர், திராட்சைக் குலை, கோதுமைக் கதிர். குழாய்க்கு மேலே வளைவு வைத்த மாடம். அதைச் சுற்றியும் அதே குலை, அதே கதிர். பூசையில் அப்பமும் ரசமும் ஆகிற கோதுமையும் திராட்சையும். எங்கள் கோயில் பீடத்தில் அந்த அப்பத்தை வைத்துப் பூட்டும் நற்கருணைப் பேழையைச் சுற்றி இருப்பதை அச்சுப் பிசகாமல் கொண்டுவந்து வைத்திருந்தார். அதன் முன்னால் முழங்கால் மடக்குவது எங்களுக்கு நடை பழகியபோதே பழகியது. மாடத்துக்குள், நான் ஆசையாக வாங்கித் தந்த சிவப்புச் சோப்பு, பேழையருகே எரியும் அணையா விளக்கு மாதிரி மினுங்கியது.

கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கோயில் வேலையப் பாத்துத்தான சார் என்னையக் கூப்பிட்டீக?"

"கைக்காகக் கூப்பிட்டேன்யா, டிசைனுக்காகவா?"

"நான் என்ன ஒங்க சாமி படத்தையா போட்டேன்? பழமும் கதிரும் திங்கிற சாமான்தான சார்? பேக்கச் சொன்னா பேத்துருதேன். ஆனா சுவரும் சேந்து வரும்."

மனைவியிடம் போய், அடையாளம் வேறு, அடையாளம் சுட்டும் பொருள் வேறு என்று தொடங்கினேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க போய் அதுக்கு முன்னாடி துணியில்லாம நில்லுங்க பாப்போம்" என்றாள். போனேன். வேட்டியோடு, எதிர்ச்சுவரைப் பார்த்துக் குளித்துவிட்டு வந்தேன். அவள் என் இடுப்பைப் பார்த்தாள். வேட்டி சொட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. "மந்திரிக்காத வெறும் ஓடு அது. பாவமெல்லாம் ஒண்ணும் இல்ல. தாராளமாக் குளிக்கச் சொல்லுங்க."

நற்செய்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

"சாமி சொன்னது எனக்கு வெளங்குது. முழங்காலுக்குல்ல வெளங்கணும்" என்றாள்.

மறுநாளும் இருட்டில் தட்டிக்குள் வாளிச் சத்தம். பக்கத்திலேயே புது டைல்ஸ் அறை, கதவு சாத்திக் கிடந்தது. விசைத்தறிக்காரர் தெருவில் பார்த்து, "என்ன சார், பாத்ரூமு கட்டியும் கொல்லையில வாளி உருளுதே? பால் காய்ச்ச நாள் பாக்கீகளோ?" என்றார். யார் மாடியால் வந்த வினை என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அன்றைக்குச் சுத்தியலும் உளியும் நானே எடுத்தேன். சிமெண்டு பிடிப்பதற்காகப் பார்டர் முழுக்கக் கொத்திப் புள்ளி போட்டேன். திராட்சை சுலபமாக மசிந்தது, கோதுமைதான் பிடிவாதம். பிறகு மேலே பூசினேன். மாடத்தைச் செங்கல் துண்டு வைத்து அடைத்து அதையும் பூசினேன். வெள்ளைச் சுவரில் கோணல்மாணலாக ஒரு சாம்பல் பட்டை ஓடியது, அடிபட்ட ஆளுக்குக் கட்டுப் போட்டது மாதிரி.

சிமெண்டு இறுகிய பிறகு மனைவி வந்து பார்த்தாள். பட்டையை ஒருமுறை தடவினாள்.

"இப்பத்தான் பாத்ரூமு மாதிரி இருக்கு."

வாளியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ஒரு வாளி, அப்புறம் இன்னொன்று, அவசரமில்லாமல். ரோமாபுரி என்ன ஆனால் என்ன என்று நான் வாசல்படியில் உட்கார்ந்தேன். சத்தம் நின்றது.

"ஏங்க" என்றாள் உள்ளேயிருந்து. "சோப்பை எங்கிட்டு வைக்கிறது?"