சத்தம் கேட்ட பிறகுதான் வண்டி நகரும்

அன்று காலை யாழினி பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். ஜமீலாக்காவின் வெள்ளைக் கார் வரவில்லை. தாமதமாக வருகிற ஆள் இல்லை அவர். நான் தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் கைபேசி ஒலித்தது. அடுத்த தெரு பர்வீன். "சுதாக்கா, ஜமீலாக்கா போயிட்டாங்க" என்று அழுதாள்.

நான் கேட்ட முதல் கேள்வி, "வண்டியிலயா?" என்பது.

"இல்லக்கா. தூக்கத்துலயே. ஃபஜ்ரு தொழுகைக்கு எழுப்பப் போனாங்களாம், உடம்பு சில்லுன்னு இருந்துச்சாம்."

இதய நோய் என்று பிறகு சொன்னார்கள். ஒரு மரணச் செய்தியைக் கேட்டதும் முதலில் சாலை ஏன் நினைவுக்கு வந்தது என்பதைச் சொன்னால், அவர் எனக்கு யாராக இருந்தார் என்பது விளங்கிவிடும்.

புதுச்சேரியில் நாங்கள் வேலை பார்த்த கல்லூரியில் அவர் வேதியியல் துறை, நான் வரலாறு. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அவருடைய பாடங்களைப் பற்றியும் ஆய்வகத்தைப் பற்றியும் அவரிடம் படித்தவர்கள் எழுதட்டும். மரக்காணத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் அவருடைய காரில் முன் இருக்கையில் பல ஆண்டுகள் உட்கார்ந்து போனவள் நான். பின் இருக்கையில் புதுச்சேரியில் படிக்கும் மூன்று குழந்தைகள்: என் தம்பி செந்திலின் மகள் யாழினி, பர்வீனின் மகன் இம்ரான், மூவரில் சின்னவளான அவனுடைய தங்கை. அந்தப் பின் இருக்கையைப் பற்றித்தான் என்னால் எழுத முடியும்.

சாவியைத் திருகுவதற்கு முன் அவர் காதைச் சற்றுச் சாய்த்துக் கேட்பார். மூன்று குழந்தைகளின் பெல்ட்டும் கொக்கியில் விழுகிற சத்தம் வர வேண்டும். ஒன்று குறைந்தாலும், "சத்தம் கேக்கலையே" என்பார். அதட்டல் இல்லை, சிரிப்பும் இல்லை. மழை பெய்தாலும், முதல் வகுப்பு எனக்கு இருந்தாலும், வண்டி நகராது. இம்ரான் ஒருநாள் வாயாலேயே 'டக்' என்று சத்தம் எழுப்பிப் பார்த்தான். "உன் வாய்க்கு பெல்ட்டு போட்டுட்ட. சரி, வயித்துக்கு எப்போ போடுவ?" என்றார்.

இந்தப் பக்கத்தில் கார் வாங்கினால் அடுத்த நாளே சீட் கவர் போடுவார்கள். பின் இருக்கையின் கொக்கிகளை உள்ளே தள்ளி, மேலே கவரை இழுத்துத் தைத்து மூடிவிடுவது வழக்கம். அக்கா கார் வாங்கியபோது நானும் கடைக்குப் போயிருந்தேன். கவர் போட்டு முடித்த கடைக்காரர் பெருமையாகக் கதவைத் திறந்து காட்டினார். அக்கா உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"பின்னாடி பெல்ட்டு மாட்டுறது எங்க?"

"உள்ளார இருக்குது மேடம். பின்னாடி யார் போடுறாங்க? எல்லா வண்டிக்கும் இப்டித்தான் மூடுவோம். பார்க்க நீட்டா இருக்கும்."

அக்கா கடைக்காரரின் மேசையிலிருந்தே கத்தரிக்கோலை எடுத்து, புதுக் கவரை மூன்று இடத்தில் வெட்டினார். கடைக்காரரின் முகம் தொங்கிப்போனது. வீடு திரும்பும் வழியில் தனக்கென்று ஒரு கத்தரிக்கோல் வாங்கி ஓட்டுநர் கதவின் பையில் செருகிக்கொண்டார். சின்னவளுக்கு பெல்ட் கழுத்தில் உரசாமல் இருக்க உயரமான குட்டி இருக்கை ஒன்றும் வாங்கினார். "டீச்சரம்மா வண்டில சிம்மாசனம் வெச்சிருக்காங்கடா" என்று தெருவில் கேலி பேசினார்கள்.

நான் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. எங்கள் ஊர் வழக்கத்தையே நானும் நியாயம் என்று நினைத்திருந்தேன். போலீஸ் நிற்கிற இடம் வரும்போது பெல்ட்டை இழுத்து மாட்டுவோம், தாண்டியதும் கழற்றுவோம். எச்சரிக்கை மணி அடிக்காமல் இருக்க, வெறும் கொக்கி நாக்கை மட்டும் வாங்கிச் செருகி வைத்திருப்பவர்கள் உண்டு. பிள்ளையை மடியில் வைத்து ஸ்டீயரிங்கைப் பிடிக்கவிடுவது பாசத்தின் அடையாளம். பெரிய ரோட்டுக்குச் சரி, கடைத்தெருவரை போவதற்கும் பெல்ட் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"ஊருக்குள்ள போனா புள்ளைங்களுக்கு எலும்பு கெட்டியாயிடுமா, சுதா?" என்றார்.

ஆனாலும் அதை ஒரு நியமம் என்றே உள்ளுக்குள் வைத்திருந்தேன். சிலர் தொழுவதுபோல, சிலர் விபூதி இடுவதுபோல.

அந்த எண்ணம் ஒரு கோடை மாலையில் உடைந்தது. சாலையோரக் குவியலில் அக்கா ஒரு தர்பூசணி வாங்கினார். அன்று சின்னவள் பள்ளிக்கு வராததால் நடு இருக்கை காலியாக இருந்தது. பழத்தை அதில் வைத்தோம். கூனிமேட்டைத் தாண்டியதும் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே ஓடி வந்தது. அக்கா பிரேக்கை மிதித்தார். அவர் ஒருபோதும் வேகமாக ஓட்டுபவரல்ல. அப்படியும் அந்தப் பழம் எங்கள் இருவருக்கும் நடுவே பாய்ந்து வந்து முன்பலகையில் மோதிப் பிளந்தது. முன்கண்ணாடி, என் புடவை, அவருடைய மூக்குக்கண்ணாடி, எல்லாம் சிவப்பு.

இம்ரான்தான் முதலில் சிரித்தான். யாழினியும் சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அத்த, எனக்கு பெல்ட்டு இருந்துச்சு. அதுக்குத்தான் இல்ல" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். பழம் இருந்த இடத்துக்கு ஒரு கை தூரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். பழத்தைவிட எடை கூடுதல், அவ்வளவுதான். அக்கா வண்டியை ஓரங்கட்டி, முந்தானையால் முன்கண்ணாடியைத் துடைக்க முயன்றார். துடைக்கத் துடைக்க அது இன்னும் பரவியது.

"எல்லாரும் என்ன கண்டிப்பான ஆளுன்னு சொல்றாங்க. கண்டிப்பு ஒண்ணும் கிடையாது. எனக்கு பயம்மா. தெனமும் பயந்துகிட்டேதான் ஓட்டுறேன்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சிவப்பில் பழத்தின் விதைகள் ஒட்டியிருந்தது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

ஆனால் பயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு என்பதை அடுத்த மழைக்காலம் காட்டியது. உப்பளங்களுக்கு நடுவே நாங்கள் போகிற இடத்தில் உப்புப் பாத்திகள் எல்லாம் முழுகி, சாலை எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் தண்ணீர் நின்றது. எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கும்போது எங்கள் இடப்பக்கச் சக்கரம் சரிந்து இறங்கியது. வண்டி சாய்ந்து நின்றது. கதவின் அடியிலிருந்து தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது.

"ஒவ்வொருத்தரா கழட்டுங்க. அவசரப்படாதீங்க" என்றார் அக்கா. இம்ரான் கழற்றினான். தங்கையினுடையதையும் கழற்றிவிட்டான். யாழினியின் கொக்கி திறக்கவில்லை. அவள் பட்டனை அழுத்தினாள். நான் பின்னால் தாவி இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன். அது கல்போல இருந்தது. தண்ணீர் என் கணுக்காலைத் தொட்டது. "அத்த, வரமாட்டேங்குது, அத்த" என்று அவள் அலறியது இப்போதும் என் காதில் இருக்கிறது. அக்கா கதவுப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார். அந்தப் பட்டை லேசில் அறுபடாது. அறுத்து முடிப்பதற்குள் பேருந்திலிருந்து இறங்கி வந்தவர்கள் மேல்பக்கக் கதவைத் திறந்து மற்ற இருவரையும் தூக்கிவிட்டார்கள். பட்டை அறுந்ததும் யாழினியையும் தூக்கினார்கள். தண்ணீர் அதற்குமேல் ஏறவில்லை. யாருக்கும் கீறல்கூட இல்லை.

ஊர் ஒரே குரலில் பேசியது. "அந்த பெல்ட்டே புள்ளைய முழுகடிச்சிருக்கும்." செந்தில் உறுதியாகச் சொல்லிவிட்டான்: "எம் பொண்ணுக்கு இனிமே பெல்ட்டு வேணாம்." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கட்டினாலும் பயம், கட்டாவிட்டாலும் பயம்.

இரண்டு நாள் கழித்து அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கழற்றி எடுத்த கொக்கியை மேசைமேல் வைத்தார். அதன் வாய்க்குள் வெள்ளையாகப் பூத்து இறுகியிருந்தது உப்பு. எங்கள் ஊர் என்ற தலைப்பில் பள்ளியில் காட்டுவதற்காக யாழினி ஒரு பிளாஸ்டிக் பை நிறைய உப்பு எடுத்துப் போயிருந்தாள். அது பின் இருக்கையில் கொட்டியது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மேலே துடைத்தோம். கொக்கிக்குள் போனதை யாரும் நினைக்கவில்லை.

"உப்பு ஏறி மோட்டார் இறுகிப்போனா கெணத்தையா மூடுவ, செந்திலு? மோட்டாரத்தான கழுவுவ?"

செந்தில் அந்தக் கொக்கியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"எனக்கும் இப்ப பெல்ட்டப் பாத்தாலே பயமா இருக்குக்கா" என்றேன் நான்.

"பயப்படு. நல்லா பயப்படு. ஆனா எதுக்கு பயப்படணுமோ அதுக்கு பயப்படு."

புது பெல்ட் மாட்டும்வரை அவர் குழந்தைகளை ஏற்றவில்லை. அதன்பின் ஞாயிறுதோறும் கொக்கிகளில் நல்ல தண்ணீர் விட்டு, வெயிலில் உலரவைத்து, ஒவ்வொன்றையும் மாட்டிக் கழற்றிப் பார்ப்பார். உப்பளத்திலிருந்து வருகிறவர்கள் சைக்கிளைக் கழுவுகிற மாதிரி. செந்தில் கடைசியில் இறங்கி வந்தான். "சரி, உங்க வண்டில மட்டும்." அந்த 'மட்டும்' அப்போது எனக்கு உறைக்கவில்லை.

துக்க வீட்டில் ஒரு கதை உலவியது. அக்காவின் முதல் குழந்தை விபத்தில் இறந்ததாம், அதனால்தான் இப்படி இருந்தாராம். அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்: அப்படி எதுவும் நடக்கவில்லை. நானே ஒருமுறை அவரிடம் கேட்டிருக்கிறேன். "ஏதாவது நடந்தாத்தான் பயப்படணுமா?" என்று திருப்பிக் கேட்டார்.

அடக்கத்துக்காக அக்காவைக் கூனிமேட்டில் அவருடைய கணவரின் பூர்வீக வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்; அவருடைய காரும் கூடவே போயிருந்தது. ஆண்கள் ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிப்போன பிறகு பெண்கள் உள்ளே ஓதிக்கொண்டிருந்தார்கள். மாலையில் செந்தில் எங்களை அழைத்துப்போகத் தன் காருடன் வந்தான். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. எல்லோரும் பேசாமல் ஏறினார்கள். பின்னால் பர்வீன், அவளுடைய மாமியார், இன்னும் இரண்டு பெண்கள். மடியில் இம்ரானும் தங்கையும். முன்னால் நான், என் மடியில் யாழினி. செந்தில் குனிந்து எங்கள் இருவரையும் சேர்த்து ஒரே பெல்ட்டை இழுத்து மாட்டினான்.

டக் என்று சத்தம் கேட்டது.

"போதுமா? ஜமீலாக்கா பெல்ட்டு போட்டாச்சு" என்றான். கேலி இல்லை, அவனும் அழுதிருந்தான்.

அந்தச் சத்தம் என்னை உறையவைத்தது. ஒரே பட்டையில் இரண்டு பேர் என்றால், பின்னால் இருப்பவளின் எடை முழுக்க முன்னால் இருக்கும் குழந்தையின்மேல் விழும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். யாழினியின் முதுகு என் மார்பில் பட்டுக்கொண்டிருந்தது. நான்தான் அவளை நசுக்கப்போகிறவள். அவளுக்கும் முன்பலகைக்கும் நடுவே அந்தத் தர்பூசணி வந்த தூரம்கூட இல்லை.

பின்னாலிருந்து இம்ரான், "மாமா, இந்த வண்டில பெல்ட்டு காணோமே" என்றான்.

"வண்டிய எடுக்காத, செந்திலு."

"கொஞ்ச தூரந்தான்கா. மெதுவா போறேன்."

"எடுக்காத."

"யக்கா, எல்லாரும் பாக்குறாங்க."

பார்த்தார்கள். பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. "சாவு வூட்டு வாசல்ல இன்னாம்மா சண்ட?" என்றார் ஒரு பெரியவர். தெருவில் நான் குரலை உயர்த்தியதே இல்லை. யாழினியை இறக்கிவிட்டு, ஓரத்தில் நின்ற அக்காவின் வெள்ளைக் காரிடம் போனேன். பூட்டவில்லை. கதவுப் பையில் கத்தரிக்கோல் இருந்தது. சின்னவளின் குட்டி இருக்கையையும் எடுத்துக்கொண்டேன்.

செந்திலின் பின் இருக்கைக் கவரை நான் வெட்டத் தொடங்கியதும் அவன், "யக்கா, புது கவரு!" என்று கத்தினான். முதலில் இறங்கியவள் பர்வீன். மாமியாரின் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "நாங்க அடுத்த ட்ரிப்புல வர்றோம். மொதல்ல புள்ளைங்கள கொண்டு போ, செந்திலு" என்றாள். மற்றவர்களும் இறங்கி நின்றார்கள். வெட்டிய ஓட்டைகளுக்குள்ளிருந்து கொக்கிகள் வெளியே வந்தன. ஒருமுறைகூடப் பயன்படாத புதுக் கொக்கிகள்.

மரக்காணம்வரை உப்பளங்களில் வெயில் மின்னியது. நான் அவற்றைப் பார்க்கவில்லை. எதிரே வந்த ஒவ்வொரு லாரியையும் பார்த்தேன்.

இப்போது மூன்று பேரையும் செந்தில்தான் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறான். நான் பேருந்தில் போகிறேன். ஞாயிறன்று அவன் வண்டியின் கொக்கிகளைக் கழுவுகிறேன். வண்டி தெருமுனையில் திரும்பிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அவசரத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், போதும். ஜமீலாக்காவிடமிருந்து என்னிடம் இருப்பவை ஒரு கத்தரிக்கோலும் அவருடைய பயமும். கத்தரிக்கோலை அவர் கணவரிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பயத்தை நான் யாருக்கும் திருப்பித் தருவதாக இல்லை.

நேற்றுக் காலை கதவுக்கு வெளியே நின்று காதைச் சாய்த்தேன். மூன்று சத்தமும் தெளிவாக வந்தன. யாழினி கண்ணாடியை இறக்கி, "கேட்டுச்சா அத்த?" என்றாள்.

"கேக்கலையே. இன்னொரு தடவ போடுங்க" என்றேன்.

செந்தில் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தான்.