எஜமானின் இருமல்

எங்கள் எஜமான் நுமேரியஸ் சாக வேண்டும் என்று டியோனைப் போல விடாமல் வேண்டிக்கொண்ட அடிமை ரோமாபுரியில் கிடையாது. அடுப்படித் தெய்வத்துக்குத் தன் ரொட்டியில் ஒரு விள்ளல் வைத்து வேண்டுவான். பல்லக்குத் தூக்கி, தோளில் காய்ப்பு, வாயில் வசவு.

எஜமான் குடிக்கணக்கு அதிகாரிகள் இருவரில் ஒருவரானார். என்ன தோன்றியதோ, டியோனைக் குடிமகன் என்று கணக்கில் ஏற்றிவிட்டார். ஏற்றினால் மட்டும் விடுதலை இல்லை. முடிவில் லுஸ்ட்ரம் நடக்க வேண்டும்: பன்றி, ஆடு, காளை மூன்றையும் கூடிய மக்களைச் சுற்றி மும்முறை ஓட்டிப் பலியிட்டு, ஊரின் தீட்டைக் கழிப்பது. அடுத்த சடங்குவரை ஓடும் ஐந்தாண்டுக்கும் அதே பெயர். இடையில் ஒரு அதிகாரி செத்தால் மற்றவரும் விலக வேண்டும். கணக்கு ரத்து, டியோனும் பழையபடி பல்லக்கடியில்.

எஜமானுக்கு நெஞ்சுச்சளி கண்டது. நோயாளிகளைப் பார்ப்பது என் வேலை.

"அக்கா, பொழைச்சிருவாரா?"

"உன் வேண்டுதல் பலிச்சா மாட்டாரு."

"வாயக் கழுவு! அத நேத்தே திரும்ப வாங்கிட்டேன்."

முதுகு தட்டினான், பார்லிக் கஞ்சி ஊட்டினான், மலச்சட்டி எடுத்தான். நன்றாகவே செய்தான்.

"என்னடா, திடீர்னு பாசம் பொங்குது?" என்றார் எஜமான்.

"ஒங்க உசுருதாங்க என் உசுரு."

அதில் பொய்யே இல்லை.

சடங்கன்று மைதானத்தில் எஜமான் மந்திரத்தை விடாமல் சொல்ல வேண்டும். பாதியில் இருமிவிட்டார். தடைபட்டால் முதலிலிருந்து, விலங்குகளும் மறுபடி சுற்ற வேண்டும்.

"பலி குடுக்கறதுக்குள்ள காளை களைச்சே செத்துரும்" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

டியோன் ஓடிப்போய் எஜமான் வாயில் தேன் ஊற்றினான். இரண்டாம் முறை முகம் சிவக்க அடக்கிக்கொண்டு முடித்தார். முடித்த பிறகுதான் இருமினார். டியோன் புழுதியில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் விடுதலைத் தொப்பியோடு எஜமானை வணங்கப் போனான். விடுதலையானவன் பழைய எஜமானுக்குப் பணிவிடை செய்வது எங்கள் வழக்கம்.

"உன் கைப்பக்குவம் எவனுக்கும் வராதுடா" என்றார் எஜமான். "நான் இருக்கற வரைக்கும் நீதான்."

வெளியே வந்து என்னிடம் கேட்டான்: "எவ்வளவு நாளு தாங்குவாரு, அக்கா?"

"நீ பாக்கற மாதிரி பாத்தா, இன்னொரு லுஸ்ட்ரம் தாராளமா ஓடும்."

குறைத்துச் சொல்லிவிட்டேன். இரண்டு ஓடியது.