பாதி வழியில் ஒரு பஞ்சர் கடை

போன வாரம் ஒரு மீட்டிங். இரண்டு வளைகுடா நாடுகள் சேர்ந்து, எல்லையின் இருபுறமும் ஓடும் பாலைவனச் சாலைக்குத் திட்டம் போடுகின்றன. எந்த நாடுகள் என்று கேட்காதீர்கள் — எனக்கு வேலை முக்கியம்!

எங்கள் கன்சல்டன்சியில் நான் டாகுமென்ட் கன்ட்ரோலர். அதாவது, வரைபடங்களைச் சுமந்துபோய் மேஜையில் விரித்துவிட்டு, மூலையில் உட்காரும் ஆள். அவற்றை வரைபவள் ஜெனிபர். தூத்துக்குடிப் பெண்.

இரு நாடுகளும் தனித்தனியாகப் போட்ட திட்டங்களை ஒட்டிவைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். எல்லைக்கு இந்தப் பக்கம் கிளினிக், பஞ்சர் கடை, டீக்கடை. அந்தப் பக்கமும் அதே கிளினிக், பஞ்சர் கடை, டீக்கடை. அதைத் தாண்டினால்... மணல். மணிக்கணக்கில் வெறும் மணல்.

அந்த மணலில்தான் ஜெனிபரின் தம்பி அந்தோணி டிரெய்லர் ஓட்டுகிறான். போன கோடையில் நடுவழியில் டயர் வெடித்து, நிழலுக்காக வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்திருக்கிறான். ஆள் வந்து சேர்ந்தபோது அவனுக்குப் பேச்சே வரவில்லையாம்.

“கேட்டால் மட்டும் பேசு” என்று மேனேஜர் சொல்லித்தான் அவளை அழைத்து வந்திருந்தார். யாரும் கேட்காமலே அவள் எழுந்துவிட்டாள்.

“எல்லையில் ஒரு கிளினிக் போதும், ஒரு பஞ்சர் கடை போதும். இரண்டு நாட்டு வண்டிகளுக்கும் அதுவே பொது. மிச்சமாவதை அவரவர் பாலைவனத்தின் நடுவில் கொண்டுபோய் வையுங்கள்.”

“அப்படியென்றால், எங்கள் ஆட்கள் மருந்துக்கு அடுத்த நாட்டை நம்பி இருக்க வேண்டுமா?” என்றார் ஓர் அதிகாரி.

எதிரில் இருந்த அடுத்த நாட்டு அதிகாரி அரபியில் ஏதோ சொன்னார். இவர் பதில் சொன்னார். குரல்கள் ஏறின. மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. ஜெனிபர் கதை கலாஸ் என்றே நினைத்தேன்.

பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளரைச் சுரண்டினேன். “என்ன சண்டை?”

“சண்டையா? இவருடைய அத்தையை அவருடைய கிராமத்தில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறார்களாம்!”

அதற்குப் பிறகுதான் நிஜமான தகராறு. எல்லைக் கிளினிக்கை உங்கள் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் இவர். இல்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் அவர். ஹோட்டலில் பில்லுக்கு நம்மவர்கள் மல்லுக்கட்டுவார்களே, அதே கதை. நம் ஊரில் தெருக்குழாயை எந்த முனையில் வைப்பது என்பதற்கே போலீஸ் வரவேண்டும்... இங்கே இரண்டு தேசங்கள் காவா என்கிற அரபிக் காபியைக் குடித்தபடியே பேசி முடித்துவிட்டன. ஜெனிபர் சொன்னபடியே! எனக்கு எழுந்து கை தட்டவேண்டும்போல் இருந்தது.

யோசித்துப் பாருங்கள். ஓட்டு கிடையாது, கூட்டம் கிடையாது, கோரிக்கை மனுக் கொடுக்க ஓர் ஆள்கூடக் குடியிருக்காத இடம். அங்கே போய் யாருக்காக இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்?

வெளியே வந்ததும் ஜெனிபர் தம்பிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில்தான் பேசினாள்.

“ஏலே அந்தோணி, பாதி வழியில பஞ்சர் கடை வருதுல! ஓகே ஆயிட்டு!”

“சந்தோசம்க்கா. ஆனா நாந்தான் அடுத்த மாசம் கான்ட்ராக்ட் முடிஞ்சி ஊருக்குப் போறேனே?”

“தெரியும்ல. ஒன் வண்டிய இன்னொருத்தன் ஓட்டுவாம்லா?”

அந்த இன்னொருத்தனுக்கு இன்னும் விசாகூட வந்திருக்காது.