ஃபுளோரன்ஸுக்குப் போகாமலிருக்க ஒரு பால்குடம்

என் மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். நான் எல்லைக்கு இந்தப் பக்கம், பெர்மாஸ் ஜெயாவில் தனியாக இருக்கிறேன். ஒரு ஃபேக்டரியில் பேக்கிங் வேலை. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவம் வரைக்கும்தான் படித்தேன். நடந்ததற்கெல்லாம் என் படிப்புதான் காரணம் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சாக்கு.

போன வருஷம் அவளுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள்.

"மா, மார்ச்ல நாம ரெண்டு பேரும் இத்தாலி போறோம். ஃபுளோரன்ஸ். மூணே ராத்திரி. ஆனா ராணி மாதிரி தங்கணும்."

திரையில் ஆற்றோரம் ஒரு பழைய மாளிகை. அதைத்தான் ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். அறையின் கூரை முழுக்க ஓவியம். நான் திரையை ஒட்டிக் குனிந்து பார்த்தேன். அடுத்து ஊரின் பேர்பெற்ற சிலைகளைக் காட்டினாள். ஒன்றில் உடம்பில் நூல்கூட இல்லை.

"ஐயோ, இதப் பாக்கவா அவ்ளோ தூரம்?"

"அலமாக்! அது கலைம்மா. நேர்ல பாத்தா வாய்விட்டு அழுதுருவீங்க."

"இப்பவே அழுகையாத்தான் வருது."

இருவரும் சிரித்தோம். அதுவரை நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஹோட்டல்காரப் பெண்ணோடு வீடியோவில் பேசினாள். தலையணை மெத்தென்று வேண்டுமா, கொஞ்சம் கெட்டியாகவா? காலைச் சாப்பாடு அறைக்கே வரவேண்டுமா? அந்தப் பெண் ஒவ்வொன்றையும் என் முகத்தைப் பார்த்தே கேட்டாள். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவைத்தேன். மனசில் இருந்தது ஒரே ஒரு கேள்விதான். என்னோடு வேலை செய்யும் மலாய்க்கார அக்கா ஐரோப்பா டூர் போய்வந்து சொன்னது: டாய்லெட்டில் தண்ணீர்க் குழாய் கிடையாது, வெறும் டிஷ்யூதான், கழுவ மினரல் வாட்டர் போத்தலைத் தூக்கிக்கொண்டே திரிந்தேன் என்று. மகளின் காதோரம் குனிந்து தமிழில் கேட்டேன்: "கக்கூஸ்ல தண்ணி இருக்குமான்னு கேளேன்."

மகள் குபீரென்று சிரித்துவிட்டாள். அம்மா என்ன சொன்னார் என்று அந்தப் பெண் கேட்டாள். "ஒண்ணுமில்ல, அம்மா தமாஷ் பண்றாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னாள் மகள். அவ்வளவு ஆங்கிலம் எனக்குப் புரியும். அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

இருவருமே கேலியாகச் சிரிக்கவில்லை என்று இன்று தெரிகிறது. அன்று காது மடலெல்லாம் சுட்டது. அந்த மாளிகையில் ஒவ்வொரு வாசலிலும் நான் இப்படித்தான் நிற்பேன், என் மகள் எனக்காக யாரிடமாவது சிரித்துச் சமாளித்துக்கொண்டே இருப்பாள் என்று தோன்றியது.

இரண்டு நாள் கழித்து பாஸ்போர்ட் விவரம் கேட்டு போன் செய்தாள். "வர முடியாதும்மா. பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்கறதா வேண்டிக்கிட்டேன்" என்றேன்.

வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் எங்கள் ஆட்களில் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அது தெரிந்துதான் சொன்னேன்.

"எப்பலேர்ந்து விரதம்?"

"நேத்துலேர்ந்து." அன்று மதியம்தான் நெத்திலி சம்பல் சாப்பிட்டிருந்தேன்.

"என்ன வேண்டுதல்?"

இதை நான் யோசித்து வைக்கவில்லை. "உனக்காகத்தான்" என்று வாயில் வந்துவிட்டது.

"அப்ப நானும் வேண்டிக்கிட்டு எடுக்கறேன்" என்றாள்.

மறுநாளே அறையை ரத்து செய்துவிட்டாள். அங்கே சிங்கப்பூரில் மீன், முட்டை எல்லாம் விட்டாள். பாயில் படுத்தாள். ஆபீஸ் விருந்தில் எல்லாரும் நண்டு சாப்பிட, இவள் வெறும் சோறும் கீரையும் சாப்பிட்டாளாம். "பரவால்லமா, நீங்க எனக்காகச் செய்றீங்க" என்று தினமும் போனில் சொல்வாள். நானும் அன்றிலிருந்து ஒழுங்காக விரதம் இருந்தேன். இருந்தும் ஒரு வாய்கூட நிம்மதியாக இறங்கவில்லை.

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு கோயிலில் காப்புக் கட்டினார்கள். மணிக்கட்டில் அந்த மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் வாக்கு வாக்குதான். வரிசையில் எனக்கு முன்னால் நான்கு பேர், பின்னால் மஞ்சள் சேலையில் என் மகள். பூசாரி ஒவ்வொருவரிடமும் நட்சத்திரம் கேட்டார். வேண்டுதலை மனசில் நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். என் முறை வருவதற்குள் அவள் கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துப் போனேன்.

"வேண்டுதல்னு எதுவும் இல்ல. பொய் சொன்னேன்."

அவளுக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"எதுக்கு?"

"எனக்கு அங்க வரப் பயம்."

"பயம்னா பயம்னு சொல்லலாம்லா! சாமி மேல போட்டீங்க, அப்புறம் என் மேல போட்டீங்க." அவள் குரல் உயர்ந்தது. கால் கழுவிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நா அன்னைக்குச் சிரிச்சதுக்கா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நின்றாள்.

"எங்க போற?"

"நா நெசமாத்தான வேண்டிக்கிட்டேன்?"

அவளுக்குப் பின்னால் போய் நின்று நானும் காப்புக்குக் கையை நீட்டினேன். உத்திரத்தன்று வெயிலில் அவள் முன்னால் நடந்தாள். பால் தளும்பாமல் அவள் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். காரில் ஏறிய பிறகு, "கால் ரொம்ப சுட்டுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

செப்டம்பரில் அதே மாளிகையில் மறுபடியும் அறை எடுத்தாள். "வரீங்களா?" என்று ஒரு தடவை கேட்டாள். எந்த முகத்தோடு வருகிறேன் என்பது? பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன். அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. தனியாகப் போனாள்.

ஃபேக்டரியில் மதிய ஓய்வில் முதல் படம் வந்தது. கூரை ஓவியமோ சிலையோ இல்லை. குளியலறை. டாய்லெட்டுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு தாழ்ந்த தொட்டி, அதில் ஒரு குழாய். கழுவிக்கொள்வதற்கென்றே வைத்தது. கீழே எழுதியிருந்தாள்: "தண்ணி இருக்கு, மா. இந்த ஊர்ல எல்லா ஹோட்டல்லயும் இருக்காம். அன்னைக்கே நா கேட்டிருக்கணும்."

அந்தக் குழாயைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மலாய்க்கார அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன சாமிப் படமா, இப்படிப் பாக்கற?" என்று மலாயில் கேட்டாள்.

எழுதி அழித்து எழுதி, கடைசியில் அனுப்பினேன்: "இன்னொரு தடவ என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

உடனே பதில் வந்தது. "சாமி சத்தியமா வருவீங்களா?"

சுருக்கென்றது. மணி அடித்துவிட்டார்கள், எல்லாரும் எழுந்து உள்ளே போனார்கள். நான் நின்றுகொண்டே எழுதினேன்: "சாமிய விடு. நா வரேன்."