கார்குழலி போட்ட டெபாசிட்

நெல்லித்தோப்பில் இட்லி மாவு அரைத்து விற்பவள் கார்குழலி. கணவர் கலியபெருமாள் வேலை பார்த்த பஞ்சாலை மூடி, பல வருஷ இழுபறிக்குப் பிறகு அவருக்குச் சேரவேண்டிய ஐந்து லட்சம் வந்தது. அதை டெபாசிட்டில் போட்டுவைத்தால் அடுத்த வருஷம் மகள் துர்காவின் நர்சிங் படிப்புக்கு ஆகும் என்றுதான் அவள் வங்கிக்குப் போனாள்.

அங்கிருந்த அதிகாரி வெற்றிச்செல்வன் அவளை உட்காரவைத்து டீ வரவழைத்தான்.

"சாதா டெபாசிட்டுல இன்னாம்மா வட்டி வருது? இத போடுங்க. எங்க அம்மாவுக்கே இதான் போட்டிருக்கேன்."

"வேணும்ன்றப்ப எடுக்கலாமா தம்பி?"

"ஒரு வருஷம் போவட்டும். தாராளமா எடுத்துக்கலாம்."

அவன் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். அப்போதே அவள் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. அவன் பக்கத்தில் நின்று சொல்லச்சொல்ல, அதற்கும் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

மறு வருஷம் பணம் எடுக்கப் போனபோது வெற்றிச்செல்வனின் நாற்காலியில் ஒரு பெண் இருந்தாள். "இது டெபாசிட் இல்லீங்க, இன்சூரன்ஸ் பாலிசி. வருஷம் அஞ்சு லட்சம்னு பத்து வருஷம் கட்டணும். இப்ப நிறுத்திட்டா பெருசா ஒண்ணும் கைக்கு வராது."

கார்குழலிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மாவு விற்கிறவள் வருஷத்துக்கு ஐந்து லட்சம் கட்டுவாளா? பிறகு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நேரே மேனேஜர் அறைக்குள் போனாள்.

"படிச்சுப் பாத்துதானே கையெழுத்துப் போட்டீங்க?" என்றார் அவர்.

"எல்லாம் இங்கிலீஷ்ல இருந்தா நான் இன்னாத்த சார் படிக்கிறது?"

"இன்சூரன்ஸ் கம்பெனிலேருந்து போன்ல கேட்டப்ப எல்லாம் புரிஞ்சுதுன்னு சொல்லியிருக்கீங்க. ரெக்கார்டு இருக்குது."

"அப்ப போடுங்க. நானும் கேக்குறேன்."

இன்று, நாளை என்று அலைக்கழித்தார்கள். மாவு வியாபாரத்தை விட்டுவிட்டு அவளும் விடாமல் போய் நின்றாள். கடைசியில் அந்தப் பதிவு வந்தது. அதற்குமுன் ஒருமுறைகூடக் கேட்டுப்பாராத மேனேஜர் தைரியமாகவே ஓடவிட்டார். அதில் ஒரு பெண் மடமடவென்று கேள்வி கேட்டாள். கார்குழலி "ஆமா, ஆமா" என்றாள். இது டெபாசிட் அல்ல, காப்பீடு என்பது தெரியுமா என்று கேட்டதும் அவள் குரல் தயங்கியது: "இன்னா கேக்குறாங்க தம்பி?"

வெற்றிச்செல்வனின் குரல் தணிவாக, ஆனால் தெளிவாக ஒலித்தது: "சும்மா வழக்கமா கேக்குறதும்மா. ஆமான்னு சொல்லுங்க."

மேனேஜர் அவசரமாக நிறுத்தப் போனார்.

"நிறுத்தாதீங்க! மறுபடி போடுங்க. வெளிய உக்காந்திருக்கிறவங்களும் கேக்கட்டும்." கார்குழலி கதவை விரியத் திறந்தாள். "வயித்தக் கட்டி வாயக் கட்டி, வருஷக்கணக்கா காத்திருந்து வாங்குன காசு. டீ வாங்கிக் குடுத்து, அம்மான்னு கூப்பிட்டு ஏமாத்துவீங்களா? எங்களப் பாத்தா எப்படி இருக்குது உங்களுக்கு?"

ஹாலில் டோக்கனோடு காத்திருந்தவர்கள் எழுந்து வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

துர்கா புகார் எழுதினாள். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு, கட்டிய பணம் முழுவதையும் திருப்பித்தரச் சொன்னார். பணம் வந்தது, வட்டி வரவில்லை. அதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்து, துர்கா சாரம் பகுதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றபடி ஒரு வருஷத்தைக் கழித்திருந்தாள். வெற்றிச்செல்வனுக்கோ விழுப்புரத்தில் பதவி உயர்வு.

"முழுசா வந்துடுச்சு, இப்ப சந்தோஷம்தானேம்மா?" என்றார் மேனேஜர்.

"என் பணத்த எனக்கே குடுத்ததுக்கா சந்தோஷம்? எம் பொண்ணோட ஒரு வருஷத்த யார் சார் குடுப்பாங்க?"

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். கார்குழலி படிப்புக்கு வேண்டியதை மட்டும் கணக்கில் வைத்துவிட்டு, மிச்சத்தை அஞ்சலகத்தில் போடுவதற்காகப் படியிறங்கிப் போனாள்.