ஒரு ஆல்பத்துக்காகச் செல்வியோடு போட்ட சண்டை

நேற்று மன்னிப்பு கேட்பதற்காகச் சங்கராபுரம் போய் வந்தேன்.

காரணம் ஒரு பங்க் ராக் ஆல்பம். (சிரிக்கலாம். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.)

செல்வியும் நானும் காலேஜில் ஒரே ஹாஸ்டல் ரூம். சீனியர் ஒருத்தி விட்டுப்போன கேசட்டில்தான் அந்த இங்கிலீஷ் பேண்டைக் கேட்டோம். பாதி வார்த்தை புரியாது. கத்தல் மட்டும் நன்றாகப் புரிந்தது.

இப்போது அந்த பேண்டுக்கென்றே ஒரு வாட்ஸப் குரூப் வைத்திருக்கிறோம். எல்லோரும் பழைய ரசிகர்கள்.

போன மாதம் புது ஆல்பம் வந்தது. பாடகருக்கு அறுபது தாண்டிவிட்டது. கிட்டாரிஸ்ட் இறந்துவிட்டார். ஐந்தாவது பாட்டில் அவர் வாசிக்க வேண்டிய இடத்தை அப்படியே காலியாக விட்டிருக்கிறார்கள். அரை நிமிடம் ஒரு சத்தமும் இல்லை.

எனக்கு வேலை கல்வராயன் மலையில். வெள்ளிமலை பஸ்ஸில் கேட்டபோது போன்தான் நின்றுவிட்டது என்று எடுத்துப் பார்த்தேன். பிறகு புரிந்தது. கண் கலங்கிவிட்டது.

குரூப்பில் ஆல்பத்தைக் கிழித்துவிட்டார்கள்.

"பஜன பாட்டு மாதிரி கீது."

செல்விதான் ஜாஸ்தி: "இது அவங்களே இல்ல. நம்மள ஏமாத்திக்கினு இருக்காங்க."

நான் நீளமாக எழுதினேன். இருபது வயதில் கத்தியதையே அறுபதிலும் கத்தினால் அதுதான் நடிப்பு, போனவரின் இடத்தை நிரப்பாமல் விட்டதுதான் அவர்கள் செய்ததிலேயே துணிச்சலான காரியம் என்று.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"செல்வி, நீ இன்னும் ஹாஸ்டல்லயே நிக்கிற. கொஞ்சம் வளருடி."

செல்வி குரூப்பை விட்டு வெளியேறினாள்.

இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. அவள் கணவர் விபத்தில் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. காரியத்துக்கு நானே போயிருந்தேன்.

நேற்று சங்கராபுரத்தில் கதவைத் திறந்தவள், "இதுக்கா இவ்ளோ தூரம் வந்த?" என்றாள்.

"தப்பா எழுதிட்டேன்டி."

"நீ எழுதனது தப்பு இல்ல. நான் அந்த அஞ்சாவது பாட்ட முழுசா கேக்கவே இல்ல. அந்த எடம் வந்ததும் நிறுத்திட்டேன்."

டீ போட்டுக் கொண்டுவந்து உட்கார்ந்த பிறகுதான் மீதியைச் சொன்னாள்.

"அந்த அமைதி இந்த வூட்ல தெனமும் இருக்குதுடி. பாட்டுல வேற கேக்கணுமா? அவங்களாவது கத்திக்கினு இருப்பாங்கன்னு நெனச்சேன்."

டீ ஆறிப்போனது.

அவளே கேட்டாள். "இன்னும் நல்லா இருக்குன்னுதான நெனக்கிற?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. "ஆமாண்டி."

"அப்ப சொல்லிக்கினே இரு. நான் இல்லன்னு சொல்லிக்கினே இருக்கேன். ஒரு வருஷமா எல்லாரும் எங்கிட்ட பாவம் பாத்துதான் பேசறாங்க. நீ ஒருத்திதான் ஒழுங்கா சண்ட போட்ட."

இன்று காலை அவளைத் திரும்பக் குரூப்பில் சேர்த்தேன். சேர்ந்ததும் அவள் போட்ட முதல் மெசேஜ்:

"மூணாவது பாட்டும் மொக்கதான்."

பதில் டைப் செய்துகொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.